எல்லை உள்ள பள்ளியும் எல்லை இல்லாத பள்ளியும்



இன்றைய தலைப்பு, பள்ளி விளையாட்டில் நியாயம் என்பது. பொதுப் பள்ளியும் தனியார் பள்ளியும் ஒரே திடலில், ஒரே கிண்ணத்துக்காக மோதலாமா? இந்தக் கேள்வியை உலகில் வேறெந்த நாட்டையும்விட அதிகமாக வாதாடித் தீர்க்கப் பார்த்த நாடு அமெரிக்கா. இன்னும் தீரவில்லை. அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு ஓர் ஊருக்குப் போக வேண்டும்.

ஒஹாயோ மாநிலத்தில் அக்ரன் என்று ஒரு நகரம். ஒரு காலத்தில் வாகன டயர்களால் வாழ்ந்த ஊர். தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் போனபின் ஊரின் களையும் போயிற்று. அங்கே ஒரு சிறுவன். அவனைப் பெற்றபோது தாய்க்கு வயது 16. தந்தை இல்லை. நிலையான வீடு இல்லை. நான்காம் வகுப்பில் மட்டும் 83 நாள்கள் பள்ளிக்குப் போகவில்லை. கூடைப்பந்து மட்டும் அவனுக்குக் கைவந்தது. கூடவே மூன்று நண்பர்கள். நான்கு பேரும் சிறு வயதிலிருந்தே ஒரே அணியில் ஆடியவர்கள். உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போதும் பிரியக்கூடாது என்று பேசி வைத்திருந்தார்கள்.

அவர்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் போகும் பொதுப் பள்ளி ஒன்று இருந்தது, பியூக்டெல். கறுப்பின மாணவர்கள் நிறைந்த பள்ளி. இந்த நான்கு பேரும் அங்கேதான் வருவார்கள் என்று ஊரே காத்திருந்தது. ஆனால் நால்வரில் உயரம் குறைந்த ஒருவனுக்கு அந்த அணியில் இடம் கிடைக்காது போலத் தோன்றியது. ஒருவனுக்கு இல்லையென்றால் நால்வருக்கும் வேண்டாம் என்று முடிவாயிற்று. 1999ஆம் ஆண்டு அவர்கள் சேர்ந்தது செயின்ட் வின்சென்ட் செயின்ட் மேரி என்ற கத்தோலிக்கத் தனியார் பள்ளியில். பெரும்பாலும் வெள்ளையர் படிக்கும் பள்ளி. நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டார்களே என்று ஊரில் பலருக்கு மனத்தாங்கல்.

அந்தச் சிறுவன்தான் லெப்ரான் ஜேம்ஸ். முதல் ஆண்டில் அணி 27 ஆட்டங்களில் ஆடியது. 27இலும் வெற்றி. 2000, 2001, 2003 என மூன்று முறை மாநில வெற்றிக் கிண்ணம் அந்தத் தனியார் பள்ளிக்குப் போயிற்று.

இதில் யார் செய்தது தவறு? பிள்ளைகளா? நண்பனை விட்டுக்கொடுக்காத பிள்ளைகளைக் குறை சொல்ல வாய் வராது. தனியார் பள்ளியா? வந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் அந்தப் பக்கத்தில், சின்னஞ்சிறு ஊர்ப் பள்ளி ஒன்றின் அணி, பிறந்ததிலிருந்து ஒரே தெருவில் விளையாடிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாநிலப் போட்டிக்கு வந்து, லெப்ரான் ஜேம்ஸை எதிர்கொண்டு நின்றதே, அதுவும் உண்மைதானே.

இந்த வழக்கைப் புரிந்துகொள்ள அமெரிக்கப் பள்ளிகள் நடக்கும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பத்தில் ஒன்பது பிள்ளைகள் பொதுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். கட்டணம் இல்லை. ஆனால் வீடு எங்கே இருக்கிறதோ அந்த வட்டாரப் பள்ளிதான். வரைபடத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தவன் இந்தப் பள்ளி, அந்தப் பக்கம் பிறந்தவன் அந்தப் பள்ளி. தனியார் பள்ளிக்கு அந்தக் கோடு கிடையாது. 50 கிலோமீட்டர் தள்ளியிருந்தும் பிள்ளைகள் வரலாம். யாரைச் சேர்ப்பது, யாருக்கு நிதியுதவி தருவது என்பது பள்ளியின் கையில்.

உயர்நிலைப் பள்ளி விளையாட்டில் அமெரிக்காவில் 8 மில்லியனுக்கும் மேற்பட்ட பங்கேற்புகள் பதிவாகின்றன. மாநிலத்துக்கு மாநிலம் ஒரு சங்கம் இருந்து போட்டிகளை நடத்துகிறது. பெரிய பள்ளியும் சிறிய பள்ளியும் மோதினால் நியாயமில்லை என்பதால், மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பிரிவு பிரிக்கிறார்கள். 500 பேர் படிக்கும் பள்ளிக்கு 500 பேர் படிக்கும் பள்ளியோடு ஆட்டம்.

கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? சிக்கலே அங்கேதான். பொதுப் பள்ளியின் 500 என்பது அந்த ஊரில் பிறந்த எல்லாரும். விளையாட்டைக் கண்டாலே ஓடுகிறவன், மாலையில் கடையில் வேலை செய்து வீட்டுக்குப் பணம் கொடுக்கிறவள், உடற்குறையோடு பிறந்த பிள்ளை, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பள்ளிக்கு வருகிறவன், எல்லாரும் கணக்கில் உண்டு. தனியார் பள்ளியின் 500 என்பது விண்ணப்பித்து, தேர்வாகி, வந்து சேர்ந்த 500. இரண்டும் ஒரே எண். ஒரே பொருள் அல்ல.

சரி, எண் பொருந்தவில்லை என்றால் எண்ணையே மாற்றிவிடலாம் என்று சில மாநிலங்கள் முடிவு செய்தன. இலினோய் மாநிலச் சங்கம் 2005இல் கொண்டுவந்த விதி இதில் புகழ்பெற்றது. தனியார் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையை 1.65ஆல் பெருக்க வேண்டும். 500 பேர் படித்தால் 825 பேர் என்று வைத்துக்கொண்டு பெரிய பள்ளிகளின் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அந்த விதியில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தனியார் பள்ளி என்று அது சொல்லவில்லை. எல்லை இல்லாத பள்ளி என்று சொன்னது. வட்டாரக் கோடு இல்லாமல் நகரம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளைச் சேர்க்கும் சில பொதுப் பள்ளிகளும் அந்த வலையில் விழுந்தன. பிரச்சினை காசில் இல்லை, கோட்டில் இருக்கிறது என்று அந்த விதியை எழுதியவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

மிசௌரியில் பல ஆண்டுகள் 1.35 என்று இருந்தது. அலபாமாவிலும் 1.35. ஒரே நாட்டில், ஒரே வகைப் பள்ளி, ஒரு மாநிலத்தில் ஒன்றேகால் ஆளுக்குச் சற்று மேல், இன்னொரு மாநிலத்தில் ஒன்றரை ஆளுக்கும் மேல்! மாணவனை இப்படிப் பின்னத்தில் அளப்பதைக் கேட்டால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பின்னத்தால் அடிபட்ட பள்ளிகளுக்குச் சிரிப்பு வரவில்லை. தனியார் பள்ளி என்றதும் பணக்காரப் பள்ளி என்று நினைத்துவிடுகிறோம். தேவாலயத்தின் காணிக்கையில் தட்டுத் தடுமாறி நடக்கும் சின்னப் பள்ளிகள் ஏராளம். அணியில் ஆள் சேர்ப்பதே பாடு. கிண்ணத்தைக் கண்ணால் பார்த்தே பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அவர்களுக்கும் அதே 1.65. பின்னால் இலினோய் சங்கமே, தொடர்ந்து வெற்றி பெறாத பள்ளிகளுக்கு இந்தப் பெருக்கலிலிருந்து விலக்குக் கொடுத்தது.

இந்தியானா வேறு வழியில் யோசித்தது. அந்த மாநிலத்துக்குக் கூடைப்பந்து ஒரு தெய்வம். 1954இல் மைலன் என்ற சிற்றூரின் பள்ளி, மொத்தமே 161 மாணவர்கள், தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய மன்சி சென்ட்ரல் பள்ளியை இறுதியாட்டத்தில் 32க்கு 30 என்று வென்றது. கடைசி விநாடிகளில் விழுந்த பந்து. அந்த வெற்றியைத் தழுவி 1986இல் திரைப்படமும் வந்தது. அப்போதெல்லாம் பிரிவே கிடையாது. பெரியவன் சிறியவன் எல்லாரும் ஒரே போட்டி. 1997 வரை அப்படித்தான். பிறகு நான்கு பிரிவு வந்தது. பெரியவர்கள் இன்றும் அந்தப் பழைய நாளை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள். ஒரு மைலன் ஜெயித்த கதை எல்லாருக்கும் நினைவிருக்கிறது. முதல் சுற்றிலேயே தோற்று வீட்டுக்குப் போன நூற்றுக்கணக்கான மைலன்களைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

அந்த இந்தியானா 2012இல் ஏற்றுக்கொண்ட விதி என்னவென்றால், தனியாரா பொதுவா என்று பார்க்கவே மாட்டோம், வெற்றியைப் பார்ப்போம் என்பது. மாநில வெற்றியாளர் என்றால் 4 புள்ளி. அதற்குக் கீழே உள்ள சுற்றுகளில் வென்றால் குறைந்த புள்ளி. இரண்டு ஆண்டுகளில் 6 புள்ளி சேர்ந்துவிட்டால் அந்த விளையாட்டில் அந்தப் பள்ளி அடுத்த மேல் பிரிவுக்குப் போக வேண்டும். பாகுபாடு இல்லாத விதிதான். ஆனால் பள்ளி அணி என்பது தொழில்முறைக் குழு அல்லவே. வென்ற பிள்ளைகள் 18 வயதில் படிப்பை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். மேல் பிரிவில் போய் அடி வாங்குவது அவர்களுக்குப் பின்னால் வரும் தம்பிகளும் தங்கைகளும். அண்ணன் சாப்பிட்டதற்குத் தம்பியிடம் காசு கேட்பது போன்றது இது.

தெற்குக் கலிஃபோர்னியாவில் இப்போது பல விளையாட்டுகளில் பள்ளியின் அளவையே பார்ப்பதில்லை. அணி எவ்வளவு பலமானது என்று கணக்கிட்டுப் பிரிக்கிறார்கள். அது தனிக் கதை.

லெப்ரானின் ஒஹாயோவுக்கு வருவோம். அங்கே உறுப்புப் பள்ளிகளே வாக்களித்து விதியை மாற்ற முடியும். 2011இல் ஒரு திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது, தோற்றது. 2012இல் தோற்றது. 2013இலும் தோற்றது. 2014இல்தான் வென்றது. 2017இல் நடைமுறைக்கு வந்தது. நான்கு முறை வாக்கெடுப்பு என்றால் மனிதர்கள் எவ்வளவு மனம் நொந்திருக்க வேண்டும், பாருங்கள். ஒஹாயோவின் விதி மற்றவற்றைவிட நுணுக்கமானது. பள்ளியை மொத்தமாகப் பெருக்காமல், அணியில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்கிறது. இந்தப் பிள்ளை எங்கே வசிக்கிறது, முன்பு எங்கே படித்தது? பள்ளியின் சொந்த வட்டாரத்துப் பிள்ளை என்றால் கூடுதல் ஏதும் இல்லை. வெளியிலிருந்து வந்தது என்றால் பள்ளியின் எண்ணிக்கையோடு சில எண்கள் கூடும். எத்தனை கூடும் என்பது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். பொதுப் பள்ளிக்கும் இதே கணக்குத்தான். வேலை அதிகம், தாள் அதிகம், ஆசிரியர்களுக்குத் தலைவலி அதிகம். ஆனாலும் கோபத்தை விட்டுவிட்டு உண்மையைப் பார்க்க முயன்ற விதி என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, பிரித்துவிட்டால் போயிற்று என்கிறார்கள் பலர். பொதுப் பள்ளிக்கு ஒரு கிண்ணம், தனியார் பள்ளிக்கு ஒரு கிண்ணம். மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் மாநிலச் சங்கங்கள் பொதுப் பள்ளிகளுக்கு மட்டும்தான். டெக்சஸிலும் பெரும்பாலும் அப்படியே. 1910இல் தொடங்கிய அங்குள்ள பள்ளிச் சங்கத்தில் தனியார் பள்ளிகளுக்கு இடமில்லை. விதிவிலக்காக டல்லஸிலும் ஹியூஸ்டனிலும் உள்ள இரண்டு பெரிய இயேசு சபைப் பள்ளிகள் மட்டும் 2003இலிருந்து ஆடுகின்றன. மற்றத் தனியார் பள்ளிகள் 1978இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டன.

பிரித்தபின் நியாயம் வந்துவிட்டதா? டெக்சஸில் அலன் என்று ஒரு நகரம். அங்குள்ள பொதுப் பள்ளிக்கு 2012இல் ஒரு காற்பந்து அரங்கம் கட்டினார்கள். செலவு 60 மில்லியன் அமெரிக்க வெள்ளி. 18,000 இருக்கைகள். மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது, இது ஒரு பள்ளியின் அரங்கம். இரண்டே ஆண்டில் கான்கிரீட்டில் விரிசல் கண்டு மூடினார்கள், பழுது பார்த்து 2015இல் திறந்தார்கள். பணத்துக்கு ஊர் மக்கள் வாக்களித்துக் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். அவர்களிடம் இருந்தது, கொடுத்தார்கள். அமெரிக்காவில் பொதுப் பள்ளியின் வருமானத்தில் கணிசமான பங்கு அந்த ஊர் வீட்டு வரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை உயர்ந்த ஊரில் பள்ளியும் உயர்ந்து நிற்கும். பருத்தி வயலோரத்து ஏழை ஊரில் பயிற்றுவிப்பாளரே பேருந்தையும் ஓட்டுவார். இரண்டும் பொதுப் பள்ளி. இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம், ஒரு பொதுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவு என்று யார் சொல்ல முடியும்?

பிரிப்பதற்கு இன்னொரு நினைவும் உண்டு, கசப்பான நினைவு. இதே டெக்சஸில் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் பொதுச் சங்கத்தில் ஆட முடியாது. அவர்களுக்குத் தனிச் சங்கம்; 1970இல்தான் அது முடிவுக்கு வந்தது. நீதிமன்றம் 1954இல் இனவாரியான பொதுப் பள்ளிகள் கூடாது என்று தீர்ப்பளித்தபின், தெற்கு மாநிலங்களில் வெள்ளையர் பலர் தங்கள் பிள்ளைகளைப் பொதுப் பள்ளியிலிருந்து எடுத்துப் புதிய தனியார் பள்ளிகளில் சேர்த்தார்கள். அந்தப் பள்ளிகளுக்குத் தனி விளையாட்டுச் சங்கங்களும் முளைத்தன. மிசிசிப்பியில் அப்படி ஒன்று 1968இல் தோன்றியது. அதனால், அவர்கள் தனி நாம் தனி என்ற பேச்சு எழும்போது, வயதான சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. விளையாட்டு ஒன்றுதான் எல்லாரையும் ஒரே திடலுக்குக் கொண்டுவந்தது என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

பென்சில்வேனியாவில் பிரிக்க நினைத்தாலும் சங்கத்தால் முடியாத நிலை. தனியார் பள்ளிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1972இல் சட்டமன்றமே சட்டம் போட்டுவிட்டது.

டென்னசியில் நடந்தது இந்த விவகாரத்திலேயே நீண்ட வழக்கு. நாஷ்வில் நகருக்கு அருகில் பிரென்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளி. 1997இல் அதன் காற்பந்துப் பயிற்றுவிப்பாளர், எட்டாம் வகுப்புப் பையன்கள் சிலருக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பையன்கள் அடுத்த ஆண்டு அந்தப் பள்ளியில் சேர ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தவர்கள். வசந்தகாலப் பயிற்சிக்கு வாருங்கள், சீக்கிரம் வந்தால் உங்களுக்குத்தான் நல்லது என்பது கடிதத்தின் சாரம். கையெழுத்திடும் இடத்தில், உங்கள் பயிற்றுவிப்பாளர் என்று இருந்தது.

பிள்ளைகளை வளைத்துப் பிடிக்கும் முயற்சி இது என்று மாநிலச் சங்கம் தீர்மானித்தது. 3,000 வெள்ளி அபராதம், நான்கு ஆண்டு கண்காணிப்பு, காற்பந்து அணிக்கும் ஆண்கள் கூடைப்பந்து அணிக்கும் இரண்டு ஆண்டு இறுதிச்சுற்றுத் தடை. பள்ளி வழக்குத் தொடுத்தது. கடிதம் எழுதுவது பேச்சுரிமை என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று, ஒரு முறை அல்ல, இரண்டு முறை. 2001இல், சங்கம் ஒரு தனியார் அமைப்பாக இருந்தாலும் அரசுபோல் செயல்படுகிறது, எனவே அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு, பள்ளிக்கு வெற்றி. 2007இல், அப்படியே இருந்தாலும் பிள்ளைகளை விளையாட்டுக்காக வளைப்பதைத் தடுக்கும் விதி பேச்சுரிமைக்கு விரோதமல்ல என்று தீர்ப்பு, சங்கத்துக்கு வெற்றி. ஒரு கடிதத்துக்குப் பத்து ஆண்டு. கடிதத்தைப் பெற்ற பையன்கள் அதற்குள் பள்ளி முடித்து, கல்லூரியும் முடித்து, வேலைக்குப் போகிற வயதுக்கு வந்துவிட்டார்கள்.

வளைத்துப் பிடிப்பது தனியார் பள்ளிகளின் பழக்கம், பொதுப் பள்ளிகள் பாவம் என்று நினைத்துவிட வேண்டாம். கலிஃபோர்னியாவில் டி லா சால் என்ற கத்தோலிக்கப் பள்ளி, காற்பந்தில் 1992 முதல் 2004 வரை தொடர்ச்சியாக 151 ஆட்டங்களில் வென்றது. அமெரிக்காவில் அந்தச் சாதனைக்கு இணையில்லை. 2004 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ உயர்நிலைப் பள்ளி 39க்கு 20 என்று அதை முறியடித்தது. பெல்வியூ ஒரு பொதுப் பள்ளி! பொதுப் பள்ளி ஆதரவாளர்கள் துள்ளிக் குதித்தார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2016இல், மாநிலச் சங்கம் அமர்த்திய விசாரணையாளர்களின் அறிக்கை வந்தது. பெல்வியூ அணியில் ஆட வந்த வெளியூர்ப் பிள்ளைகள் சிலருக்கு அணியின் ஆதரவாளர்கள் கட்டணம் கட்டி ஒரு சிறு தனியார் பள்ளியில் படிக்க வைத்தார்கள், பொய் முகவரிகள் இருந்தன என்றெல்லாம் அது கூறியது. பள்ளி நிர்வாகம் அறிக்கையின் சில முடிவுகளை எதிர்த்தது. ஆனாலும் அணிக்கு இறுதிச்சுற்றுத் தடை விழுந்தது. கோட்டுக்குள் இருக்கும் பள்ளிக்கும், ஆசை வந்தால் கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை.

இப்போது அந்தக் கோடே அழிந்துகொண்டு வருகிறது. ஃபுளோரிடாவில் 2016இல் வந்த சட்டத்தின்படி, இடமிருந்தால் பிள்ளை எந்தப் பொதுப் பள்ளிக்கும் மாறலாம். மாறிய உடனே அணியில் ஆடலாம். 2023இல் அதே மாநிலம், தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசாங்கப் பணம் பெறும் தகுதியை எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிவாக்கியது. அரிசோனா 2022இலேயே அதைச் செய்துவிட்டது. 2025இல் டெக்சஸும் அத்தகைய சட்டம் இயற்றியது. வரிப்பணம் தனியார் பள்ளிக்குப் போகும் என்றால், அந்தப் பள்ளியைப் பொதுப் போட்டியிலிருந்து ஒதுக்கி வைப்பது எப்படி என்று ஒரு தரப்பு கேட்கிறது. வரிப்பணத்தையும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளையும் பொறுக்கி எடுப்பது எப்படி என்று மறு தரப்பு கேட்கிறது. இரண்டு கேள்வியிலும் நியாயம் இருப்பதுதான் தொல்லை.

இந்தக் குழப்பத்தில் மினசோட்டா மாநிலம் செய்த ஒரு காரியத்தைப் பலர் கவனிப்பதில்லை. அங்கே யாரையும் பெருக்குவதில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இலவச உணவு அல்லது சலுகை விலை உணவு பெறும் தகுதி உண்டு. ஒரு பள்ளியில் அந்தத் தகுதி உள்ளவர்கள் எத்தனை பேர் என்று பார்த்து, அதில் ஒரு பகுதியை மாணவர் எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடுகிறார்கள். ஏழை மாணவர் அதிகம் உள்ள பள்ளி, சற்றுச் சிறிய பள்ளிகளின் பிரிவில் ஆடும். வசதியுள்ளவனைத் தண்டிக்காமல், வசதியில்லாதவனுக்கு ஒரு படி இறக்கிக் கொடுக்கும் கணக்கு. விளையாட்டுக் காலணி, தனிப்பயிற்சி, கோடைக்கால முகாம், போய்வர வண்டி எல்லாம் காசு. காசுதான் முதல் காரணம் என்றால் காசைத்தானே கணக்கில் எடுக்க வேண்டும்? மற்ற வழிகளைவிட இதில் நேர்மை கூடுதல் என்றே சொல்லத் தோன்றுகிறது.

நம் சிங்கப்பூருக்கு இதில் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். இங்கே நிலைமை வேறுதான். தன்னாட்சிப் பள்ளிகளும் சுயேச்சைப் பள்ளிகளும் அரசாங்க ஆதரவோடு நடப்பவை, அமெரிக்கத் தனியார் பள்ளி போன்றவை அல்ல. ஆனால் 2004இல் நேரடிப் பள்ளிச் சேர்க்கை வந்தபின், விளையாட்டுத் திறனைக் காட்டி உயர்நிலை ஒன்றில் இடம்பிடிக்கும் வழி திறந்தது. அதே ஆண்டு விளையாட்டுப் பள்ளியும் தொடங்கப்பட்டது. 2018இலிருந்து எல்லா உயர்நிலைப் பள்ளிகளும் தங்கள் இடங்களில் 20 விழுக்காடு வரை அந்த வழியில் நிரப்பலாம். அக்கம்பக்கப் பள்ளிக்கும் இப்போது கை நீட்டிப் பிடிக்க வாய்ப்பு உண்டு. இருந்தாலும், தொடக்கநிலை ஆறில் இரண்டு பள்ளிகளிலிருந்து அழைப்பு வந்தால் பெற்றோர் எந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது காப்பிக்கடையில் உட்கார்ந்து பேசும் எல்லாருக்கும் தெரியும்.

அக்ரனின் அந்தப் பையனிடம் திரும்புவோம். தனியார் பள்ளிக்குப் போனதால் அவனுக்கு நல்ல ஆசிரியர்கள், சின்ன வகுப்பு, மேலே ஏறிப்போக ஒரு படி, எல்லாம் கிடைத்தன. நிதியுதவி கூடாது, வெளியூர்ப் பிள்ளை கூடாது என்று விதி இறுகியிருந்தால் அந்தப் படி அவனுக்கு இருந்திருக்காது. லெப்ரான் என்ற பெயரை எடுத்துவிட்டுப் பார்த்தாலும், இப்படிப் போய்ப் படித்து வெளியேறிய பெயர் தெரியாத பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் பெரிய ஆட்டக்காரர் ஆகவில்லை. தாதியாக, கணக்கராக, ஆசிரியராக இருக்கிறார்கள். கிண்ணத்தின் நியாயத்தைப் பேசும்போது அந்தப் பிள்ளைகளின் நியாயம் அடிபட்டுவிடக் கூடாது. அதே சமயம், அவர்கள் போனபின் வெறிச்சோடிய பொதுப் பள்ளித் திடலில், ஆள் பற்றாக்குறையால் தாக்கும் ஆட்டத்துக்கும் தடுக்கும் ஆட்டத்துக்கும் ஓய்வின்றி ஓடும் பையன்களும் பிள்ளைகள்தானே. அமெரிக்கக் காற்பந்து முட்டி மோதும் ஆட்டம். களைத்த உடம்பில்தான் அடி அதிகம் படும்.

2018இல் லெப்ரான் ஜேம்ஸின் அறநிறுவனம் அக்ரனில் ஒரு பள்ளி திறக்கத் துணை நின்றது. பெயர் ஐ ப்ராமிஸ். படிப்பில் பின்தங்கிய, வீட்டில் சிரமப்படும் பிள்ளைகளுக்கான பள்ளி. அறநிறுவனத்தின் பணம் அதில் உண்டு. ஆனால் அது தனியார் பள்ளி அல்ல. நகரத்தின் பள்ளி நிர்வாகம் நடத்தும் பொதுப் பள்ளி. அடுத்த ஆண்டு, 2019இல், அவருடைய மூத்த மகன் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். போனது லாஸ் ஏஞ்சலிஸில் சியரா கேன்யன் என்ற தனியார் பள்ளிக்கு, கூடைப்பந்து ஆட.

அக்ரனில் அந்தப் பொதுப் பள்ளியின் வகுப்புகள் ஆண்டுக்கு ஆண்டு கூடி எட்டாம் வகுப்பு வரை வந்தன. அதை முடிக்கிற பிள்ளைகளுக்கு அப்போது வயது 14 இருக்கும். அடுத்து எந்தப் பள்ளிக்குப் போவது என்று அவர்களும் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.